கதையா, கையா?

கேள்வி: லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி
08-08-2025, இரவு 9.15

அண்ணா, நீங்க கன்ட்ரோலர் சர்வீஸ் பண்றவர். தினமும் பத்து பேர் கேம் பத்திப் பேசுறதைக் கேக்குறவர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கதை பிரமாதம், ஆனா விளையாட போர் அடிக்குது. அப்படி ஒரு கேமைக் கடைசி வரைக்கும் முடிப்பீங்களா? நான் மாட்டேன். கதை வேணும்னா படம் பாத்துட்டுப் போயிடலாம். கேம்னா கையில ஆடுறதுதான், மத்ததெல்லாம் மேல தூவுற கொத்தமல்லி.

08-08-2025, இரவு 11.50

கொத்தமல்லி போடாத ரசத்தைக் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசு தம்பி. ஆனா நீ சொல்றதுல முக்கால்வாசி எனக்குச் சம்மதம். ஏன்னு என் மேசையிலேருந்தே சொல்றேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்துல கடை. பதினோரு வருஷமா ரிமோட், செட்டாப் பாக்ஸ், கன்ட்ரோலர். ஒரு கன்ட்ரோலரைத் திறந்தா அதோட சொந்தக்காரர் என்ன விளையாடுறார்னு அவரைக் கேக்காமயே சொல்லிடுவேன். ஃபுட்பால் கேம் ஆடுறவங்களோடதுல ஆர் 2, அதாவது வலது ஆள்காட்டி விரல் அமுக்குற விசையோட ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஆள் ஓடணும்னா அதை அமுக்கியே வெச்சிருக்கணும். துப்பாக்கி கேம்காரங்களோடதுல கட்டைவிரலால தள்ளுற இடது ஸ்டிக் போயிருக்கும், அதை உள்ளே குத்திக் குத்தித்தான் ஓட வைக்கிறாங்க. எல்டன் ரிங், செகிரோன்னு வாள் வீசுற கூட்டத்துக்கு ஆர் 1, எல் 1, விசைக்கு மேல வலது பக்கமும் இடது பக்கமும் இருக்கிற பட்டன். அந்த பட்டனுக்கு அடியில சின்னதா ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதோட அடியில கறுப்பா ஒரு கார்பன் பொட்டு. செகிரோ முடிச்ச ஒருத்தர் கொண்டு வந்ததுல அந்தப் பொட்டு நடுவுல வெளுத்துப் போய், சாமி படத்துக்கு வெச்ச பழைய குங்குமம் மாதிரி ஓரத்துல மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

கதைக்காக விளையாடுறவங்களோடது என்கிட்ட வர்றதே குறைவு. வந்தாலும் பேட்டரி உப்பியிருக்கும், இல்ல சார்ஜிங் பின் உடைஞ்சிருக்கும். உள்ளே ரப்பர் எல்லாம் புதுசு.

எங்க தேயுதோ அங்கதான் கேம் இருக்கு. இன்னிக்கு என் கட்சி இதுதான்.

09-08-2025, காலை 8.20

"கையை எடுத்தாலும் ஆள் தானா நடக்குறானே, ஏன்?"னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்டிக்குக்குப் பக்கத்துல ரெண்டு சின்னப் பெட்டி, ஒண்ணு மேல கீழ, இன்னொண்ணு இடது வலது. உள்ளே கார்பன் பூசின ஒரு தடம், அதுமேல உரசிக்கிட்டே போற ஒரு உலோக நாக்கு. நாக்கு எங்க நிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி வோல்டேஜ் மாறும். உரசி உரசித் தடம் தேஞ்சா, ஸ்டிக் நடுவுக்குத் திரும்பினாலும் வோல்டேஜ் நடுவுக்குத் திரும்பாது. ஆள் பாட்டுக்குச் சுவத்தைப் பாத்து நடப்பான். ஹால் சென்சார் ஸ்டிக்குல உரசலே கிடையாது, காந்தம்தான் வேலை செய்யுது. மாத்துறதா இருந்தா அதைக் கேட்டு வாங்குங்க.

10-08-2025, ஞாயிறு மதியம்

முந்தாநாள் எழுதினதுக்கு ஒரு அடித்தளம் போடணும்னு தோணுது.

நான் முதல்ல தொட்ட கேம் கான்ட்ரா. எனக்குப் பத்து வயசு, அண்ணனுக்குப் பதினாலு. பாண்டிச்சேரி ஞாயித்துக்கிழமை சந்தையில, காந்தி வீதியில, அப்பா ஒரு டிவி கேம் செட் வாங்கிட்டு வந்தார். கூடவே மஞ்சக் கலர்ல ஒரு கேசட். மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும், உள்ளே நிஜமா இருக்கிறது பத்துப் பன்னெண்டு, அதுவே வேற வேற பேர்ல திரும்பத் திரும்ப வரும். படம் வரலைன்னா கேசட்டைக் கழட்டி வாயால ஊதணும். (ஊதக் கூடாது. எச்சில் ஈரம் பட்டா பின் களிம்பு பிடிக்கும். இப்போ தெரியுது.)

கான்ட்ராவுல கதை கிடையாது. சட்டை போடாத ரெண்டு பேர், ஒருத்தனுக்கு நீலக் கால்சட்டை, ஒருத்தனுக்குச் சிவப்பு. சுட்டுக்கிட்டே போகணும். ஒரு குண்டு பட்டாலும் உயிர் போயிடும். மூணே மூணு லைஃப். மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. இதைப் போட்டா முப்பது லைஃப். கொனாமி கம்பெனியில கசுஹிசா ஹாஷிமோட்டோன்னு ஒருத்தர் 1986ல கிராடியஸ் கேமை வீட்டு செட்டுக்கு மாத்திக்கிட்டு இருந்தப்போ, சோதிச்சுப் பாக்கிறதுக்கே கஷ்டமா இருக்குன்னு தனக்காகப் போட்டு வெச்ச குறுக்கு வழி அது. எடுக்காம விட்டுட்டாங்க, அது உலகம் பூரா போயிடுச்சு. இன்னிக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் கட்டைவிரல் அதைப் போடும். வாய்ப்பாடு மறந்துபோச்சு, இது மறக்கல.

1985 மரியோவையும் இதே கணக்குல சேருங்க. முதல் திரையிலேயே ஒரு பழுப்புக் காளான் எதிர்ல வரும். தொட்டா செத்துடுவே. அடுத்த தடவை தாவுவே. தாவினா மேல கேள்விக்குறிப் பெட்டியில தலை இடிக்கும், காசு வரும். யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரல, ரெண்டு நிமிஷத்துல பாதிப் பாடம் முடிஞ்சுது. இங்கிலீஷ் தெரியாத எங்க சித்தி விளையாடினாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

10-08-2025, இரவு 10.05

நெல்லிக்குப்பம் நண்பர் எழுதியிருக்கார்: கான்ட்ராவுக்குக் கதை இருக்கு, ரெட் ஃபால்கன்னு ஒரு கூட்டம் பூமியைப் பிடிக்க வருது, அதைத் தடுக்கப் போற ரெண்டு வீரர்கள்னு. வாஸ்தவம். ஆனா எங்களுக்கு வந்த கேசட்டோட ஒரு துண்டுத் தாள்கூட வரல. கைக்கு வராத கதை எங்களுக்குக் கதையே இல்ல.

12-08-2025, இரவு 11.30

பாஷை பத்தி யாருமே பேசல. அதைப் பேசாம கதையைப் பத்தி எப்படிப் பேசுறது?

திருப்பாப்புலியூர்ல ஒரு ரூபா காசு போட்டு ஆடுற கடை ஒண்ணு இருந்துச்சு. அங்க எல்லாரும் வரிசையில நிக்கிறது 'முஸ்தபா'வுக்கு. அந்த கேமோட பேர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், கேப்காம் 1993ல விட்டது, ஒரு அமெரிக்கப் படக்கதையிலேருந்து எடுத்தது. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சது முப்பது வயசுக்கு மேல. நாலு பேர்ல ஒருத்தன் பேர் முஸ்தபா, மஞ்சத் தொப்பி, ஓடி வந்து எட்டி உதைப்பான். அந்தப் பேர் நம்ம காதுக்குப் பழகின பேர், அதனால கேமுக்கே அந்தப் பேர் ஆயிடுச்சு. ஸ்டேஜுக்கு நடுவுல எழுத்து ஓடும். ஒருத்தரும் படிக்க மாட்டோம், பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டுவோம். மிச்சம் இருக்கிற காசு எவ்வளவுங்கிறதுதான் கவலை.

அப்புறம் பிரவுசிங் சென்டர் காலம். வைஸ் சிட்டிங்கிற கேம் கம்ப்யூட்டருக்கு வந்தது 2003. மணிக்கு இவ்வளவுன்னு காசு கட்டி எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் மொத்தத்தையும் முடிச்சான். அவனுக்கு இங்கிலீஷ் வசனம் ஒண்ணும் புரியாது. நாம ஆடுற ஆள் டாமி. கூடவே சுத்துற லான்ஸை டாமியோட சொந்தத் தம்பின்னே நினைச்சுக்கிட்டான். கடைசி மிஷன்ல மாளிகைக்குள்ள லான்ஸ் எதிர்ப்பக்கம் சாஞ்சு டாமியைச் சுட ஆரம்பிச்சதும், பையன் மவுஸ்லேருந்து கையை எடுத்துட்டான். "அண்ணா, கேம் கெட்டுப்போச்சு, தம்பி என்னைச் சுடுறான்"னு என்கிட்ட வந்து சொன்னான். கெடலடா, துரோகம் பண்ணிட்டான்னு சொன்னேன். திரும்பிப் போய் உக்காந்தவன் உடனே சுடல. கொஞ்ச நேரம் தூண் மறைவுல நின்னான். காசு ஓடிக்கிட்டு இருக்கு, நிக்கிறான்.

எழுதியவன் வெச்ச வசனம் ஒண்ணுகூட அவனுக்குப் போய்ச் சேரல. ஆனா துரோகம் போய்ச் சேர்ந்துடுச்சு. பத்து மணி நேரம் பக்கத்துல நின்னு சுட்டவன், இப்போ எதிர்ல நின்னு சுடுறான். அது துப்பாக்கி திரும்பின திசையில இருந்துச்சு.

முதல் நாள் "எங்க தேயுதோ அங்கதான் கேம்"னு எழுதினேனே, அதுல ஒரு நூல் பிரியுது. அப்புறம் பாக்கலாம்.

14-08-2025, இரவு 10.40

"கிராஃபிக்ஸ் பத்தி என்ன சொல்றீங்க?"

மினுமினுப்பு வேற, அமைப்பு வேற. 1989 பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எடுத்துக்கோங்க. ஜோர்டன் மெக்னர்ங்கிறவர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு, வீடியோ எடுத்து, அதை ஃப்ரேம் ஃப்ரேமா பிரதி எடுத்துத்தான் இளவரசனோட அசைவை வரைஞ்சார். பாக்க அழகா இருக்கணும்னு மட்டும் செஞ்ச வேலை இல்ல அது. நிஜ மனுஷன் ஓடினா டக்குன்னு நிக்க முடியாது, ரெண்டு அடி வழுக்கிக்கிட்டுப் போய்த்தான் நிப்பான். இளவரசனும் அப்படியே. பள்ளத்துக்கு ஒரு அடி முன்னாடி விரலை எடுத்தா உள்ளே விழுந்தே தீருவே. உனக்கு இருக்கிறதோ அறுபதே நிமிஷம். அந்தத் தம்பி ஓடின ஓட்டம்தான் நம்ம விரலுக்குச் சட்டம் போட்டது. தோற்றம், ஆட்டம்னு இதை எந்த இடத்துல வெட்டிப் பிரிப்பே?

இதையே 8-ந் தேதி யாராவது சொல்லியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

17-08-2025, ஞாயிறு

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பத்திக் கேட்டவருக்கு. கதையை உடைக்கப் போறேன், விளையாடாதவங்க அடுத்த குறிப்புக்குப் போயிடுங்க.

2018ல வந்த கேம், நான் தொட்டது 2021ல. கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்தா எனக்குக் கிடைக்கிறது ராத்திரி ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துல இந்த கேமோட நாயகன் ஆர்தர் குதிரையிலேருந்து நிதானமா இறங்குவான், மானோட தோலைப் பொறுமையா உரிப்பான், அலமாரியை ஒவ்வொரு இழுப்பறையா இழுப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு தடவை விட்டேன். லாஸ்பேட்டைத் தம்பி சொல்ற "போர்" இதுதான்.

மூணாவது தடவை ஆரம்பிச்சப்போ எங்க பெரியப்பா ஜிப்மர்ல இருந்தார், நுரையீரல். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வருவேன். ஆர்தருக்குக் காசநோய்னு டாக்டர் சொல்ற இடம் வந்தது அந்த வாரத்துல. அதுக்கப்புறம் அந்த நிதானம் எனக்கு வேற மாதிரி ஆயிடுச்சு. பெரியப்பா தண்ணி டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டு போறதுக்கு எடுத்துக்கிட்ட நேரம் எனக்குத் தெரியும். இருமிட்டு, தொடை மேல கையை ஊனி, மூச்சை வாங்கி, அப்புறம்தான் எடுப்பார். ஆர்தர் குதிரை மேல ஏறுறதை நான் அவசரப்படாம பாக்க ஆரம்பிச்சேன்.

இது கேமோட சாமர்த்தியமா, என் வீட்டு நிலைமையா? ரெண்டும்தான். ஆனா அவன் நோயாளி ஆகுறதுக்கு முன்னாடி நாற்பது மணி நேரமும் அதே வேகம்தான், அதுக்கு என்ன சமாதானம்? அது எனக்கு இன்னும் குறையாத்தான் படுது. ரெண்டு தடவை விட்டது நியாயம்தான்.

19-08-2025, இரவு 9.30

இன்னிக்கு பாண்டிக்குப் போய் ஸ்டிக் மாட்யூல் வாங்கிட்டுத் திரும்பினேன். ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பஸ்ஸை நிறுத்தி பையை எல்லாம் பாத்தாங்க. பாண்டிச் சரக்கு தேடுறாங்க, தினசரி நடக்கிறதுதான். என் பையைத் திறந்த காவலர் பொட்டலம் பொட்டலமா சின்னச் சின்ன ஸ்டிக்கைப் பாத்துட்டு என் முகத்தைப் பாத்தார். பின்னாடி முப்பது பேர் வேர்த்து வழிஞ்சு உக்காந்திருக்காங்க. எல்லாரோட பையையும் பிரிச்சா ராத்திரி ஆயிடும், பிரிக்காம விட்டா அவர் வேலைக்கு ஆபத்து. அந்த ரெண்டு விநாடி அவர் முகத்துல ஓடின கணக்கு எனக்குத் தெரிஞ்ச கணக்கு.

பேப்பர்ஸ் ப்ளீஸ்ங்கிற கேமை விளையாடினவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். லூகாஸ் போப் 2013ல போட்டது, ஏறக்குறைய ஒத்தை ஆள் வேலை. படம் சாம்பலும் பழுப்புமா கட்டம் கட்டமா இருக்கும். நீ எல்லைச் சாவடி அதிகாரி. பாஸ்போர்ட்டை வாங்கணும், தேதியைப் பாக்கணும், முத்திரை குத்தணும், அவ்வளவுதான் வேலை. எத்தனை பேரைச் சரியா அனுப்பினியோ அதுக்குத்தான் சம்பளம். தப்பு பண்ணினா ஒரு நாளைக்கு முதல் ரெண்டுக்கு எச்சரிக்கை, அதுக்கப்புறம் சம்பளத்துல பிடிப்பு. ராத்திரி வீட்டு வாடகை, சோறு, குளிருக்குக் கணப்பு, மருந்து. ஒருநாள் ஒருத்தன் வருவான், தாள் எல்லாம் சரி. "அடுத்து என் மனைவி வர்றா, கொஞ்சம் பாத்து விடுங்க"ன்னு சொல்லிட்டுப் போவான். அவ வருவா. அனுமதிச் சீட்டு இருக்காது.

அங்க கதை சொல்ல யாரும் நிறுத்தல. உன் கையில ரெண்டு முத்திரை, பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. கதை, கைன்னு நாம பத்து நாளா ரெண்டு தட்டுல போட்டு நிறுத்துப் பாக்கிறோமே, அந்த கேமை எந்தத் தட்டுல வைக்கிறது?

காவலர் என் பையை மூடி "போங்க"ன்னுட்டார்.

23-08-2025, இரவு 11.15

ஒரு முத்தியால்பேட்டை வாடிக்கையாளர் கதை. பேர் வேண்டாம்.

ஆர் 1 போயிடுச்சுன்னு கொண்டு வந்தார். வாள் கேமான்னு கேட்டேன். இல்ல, எக்ஸ்பெடிஷன் 33னார். 2025 ஏப்ரல்ல வந்த கேம், பிரான்ஸ்ல மான்பெலியே ஊர்ல இருக்கிற ஒரு சின்னக் குழு செஞ்சது. முறை வெச்சு அடிக்கிற கேம்தான், ஆனா எதிரி அடிக்கும்போது சரியான நொடியில ஆர் 1 தட்டினா அடியைத் தடுத்துத் திருப்பிடலாம். அதான் தேஞ்சிருக்கு. கதை என்னன்னா, ஒரு ஓவியக்காரி வருஷா வருஷம் ஒரு எண்ணை எழுதுவா. அந்த வயசுல இருக்கிறவங்க எல்லாரும் பூவிதழா உதிர்ந்து காத்துல போயிடுவாங்க. அடுத்த வருஷம் ஒண்ணு குறைஞ்ச எண்.

இவரோட அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், சொல்தா பென்ஷன் வாங்குறவர், கண் பார்வை மங்கிடுச்சு. மகன் பிரெஞ்சுக் குரலை வெச்சு விளையாடினதும், பெரியவர் பக்கத்து அறையிலேருந்து நாற்காலியை இழுத்துக்கிட்டு வந்து உக்காந்துட்டாராம். திரையைப் பாக்கல, காதால கேக்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு ரெடியா இருப்பாராம். சண்டை வந்தா எழுந்து பால் குடிக்கப் போவார், பேச்சு கேட்டா திரும்பி வருவார். முதல் அத்தியாயத்துல ஒரு பொண்ணு உதிர்ந்தப்போ "அவ வயசு என்ன?"ன்னு மட்டும் கேட்டாராம். முப்பத்துமூணுன்னு மகன் சொன்னார். பெரியவர் எழுந்து போயிட்டார். மறுநாள் எட்டு மணிக்குத் திரும்ப நாற்காலி.

மகனுக்கு அந்தக் கேம் ஆர் 1. அப்பாவுக்கு அது குரல். ஒரே அறை, ஒரே கேம். தம்பி, உன் கொத்தமல்லியை அந்தப் பெரியவர்கிட்ட கொண்டு போய்ச் சொல்லிப் பாரு.

24-08-2025, காலை

மேல எழுதினதுல கொஞ்சம் காட்டமா முடிச்சுட்டேன். தம்பி பதில் போட்டிருக்கான், மரியாதையா: "அந்தப் பெரியவர் விளையாடலையே அண்ணா, கேட்டார். அது நாடகம்." சரியான அடி. எனக்கு உடனே பதில் இல்ல.

27-08-2025, விநாயகர் சதுர்த்தி, கடை லீவு

ரெண்டு நாளா அதையே யோசிச்சேன். பதில் 'தானே'ங்கிற புயல்ல இருக்கு.

2011 டிசம்பர் 30 காலையில 'தானே' கரையைக் கடந்தது, நமக்கும் பாண்டிக்கும் நடுவுல. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சது எல்லாருக்கும் தெரியும். எங்க தெருவுல மின்கம்பம் நூலாட்டம் முறுக்கிக்கிட்டு கிடந்துச்சு. கரண்ட் இல்லாம நாள் கணக்கா ஓடிச்சு. சாயங்காலம் ஆனா சித்தி பிள்ளைங்க, எதிர்வீட்டுப் பிள்ளைங்க, ஆறேழு பேர் மொட்டை மாடியில என்னைச் சுத்தி. டிவி இல்ல, செட் இல்ல. "அண்ணா, ஏதாவது கேம் சொல்லுங்க."

கேமை எப்படிச் சொல்றது? ஷேடோ ஆஃப் த கொலோசஸ் ஆரம்பிச்சேன். 2005, ஃபுமிட்டோ உவேடா. செத்துப்போன ஒரு பொண்ணைக் குதிரையில தூக்கிட்டு வர்றான் ஒரு பையன். பதினாறு ராட்சசங்களைக் கொன்னா இவளை எழுப்புறேன்னு ஒரு குரல். ஊரு இல்ல, ஜனம் இல்ல, வெறும் புல்வெளி. கதை பத்து நிமிஷத்துல தீர்ந்துபோச்சு. பிள்ளைங்களுக்குப் போதல. "எப்படி ஏறுவான்? விழமாட்டானா?"

அப்போதான் அவங்களைத் தண்ணித் தொட்டி ஏணிக்குக் கூட்டிட்டுப் போனேன். ராட்சசன் உடம்புல முடி இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறணும். ஆர் 1ஐ அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் அவன் பிடிச்சிருப்பான். விட்டா விழுவான். கூடவே ஒரு வட்டம் குறைஞ்சுக்கிட்டே வரும், அது அவன் கைபலம். தீர்ந்தா தானே நழுவிடும். ராட்சசன் உலுக்குவான். "பிடி ஏணியை. நான் உலுக்குறேன்." எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டுத் தொங்கினா. கை நழுவுற நேரத்துல கேட்டா: "அண்ணா, ராட்சசன் இவனுக்கு என்ன கெடுதல் பண்ணினான்?"

ஒண்ணும் பண்ணல. அதுதான் அந்தக் கேம். நான் அதை அவகிட்ட சொல்லவே இல்ல, அவளுக்குக் கை வலிச்சப்போ வந்த கேள்வி அது.

கரண்ட் இல்லாத ஊர்ல கதையைச் சொல்லலாம், கேக்கலாம். பெரியவர் கேட்ட மாதிரி. அது நாடகம்தான், தம்பி சொன்னது சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஏணியில தொங்கினவளுக்கு வந்த கேள்வி, சும்மா உக்காந்து கேட்ட மத்த அஞ்சு பேருக்கும் வரல.

27-08-2025, மாலை

கொழுக்கட்டை சாப்பிட்டாச்சு, காலையில விட்டுப்போனது ஒண்ணு. 2018ல வந்த மறுபதிப்புல பிடிக்கிற பட்டனை ஆர் 2வுக்கு மாத்திட்டாங்க. நான் சொன்னது பிளேஸ்டேஷன் 2 காலத்துக் கணக்கு.

31-08-2025, ஞாயிறு

"வெண்பாங்கிற கேம் பத்தி ஏன் இன்னும் எழுதல?" எழுதாம இருப்பேனா?

2023ல டொரண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் விட்டது. 1980கள் கடைசியில கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், மகன் கவின். வெண்பாவோட அம்மா எழுதின சமையல் குறிப்பு நோட்டு, மை கலைஞ்சு, கிழிஞ்சு. விட்டுப்போன வரியை யோசிச்சு யோசிச்சு சமைக்கணும். 2024ல பாஃப்டாவோட அறிமுக கேம் விருது வாங்கிச்சு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

என் குறையை முதல்ல சொல்லிடுறேன். கைக்கு அதுல வேலை கம்மி. இட்லி முதல் பாடம், தட்டை அடுக்கத் தெரிஞ்ச நமக்கு அது புதிரே இல்ல. தப்பா செஞ்சாலும் திரும்பச் செய்யலாம், எதுவும் போகாது. முதல் நாள் இருந்த மனநிலையில இதுக்கு நான் பத்துக்கு அஞ்சுதான் போட்டிருப்பேன்.

ஆனா எங்க அம்மாவைப் பக்கத்துல வெச்சு விளையாடினேன். அம்மா கன்ட்ரோலரைத் தொட்டதே இல்ல. நான் தட்டை எடுத்ததும் "மொதல்ல தண்ணி ஊத்துடா அடியில"ன்னாங்க. புட்டுக்கு வந்தப்போ என் கையிலேருந்து கன்ட்ரோலரை வாங்கிட்டாங்க. எந்த ஸ்டிக் எதுக்குன்னு தெரியாது, ஆனா மாவு, தேங்காய், மாவு, தேங்காய்னு வரிசை தெரியும். எங்க அம்மாவுக்கு அந்தக் கேம்ல வேண்டிய திறமை நாப்பது வருஷமா இருந்திருக்கு. கைவேலை கம்மின்னு நான் மேல எழுதினது என் கைக்கு மட்டும் உண்மை.

06-09-2025, இரவு 12.20

லாஸ்பேட்டைத் தம்பி பிரதர்ஸ்ங்கிற கேமை விளையாடிட்டானாம், நான் தனியா சொல்லியிருந்தேன். இப்போ பொதுவுல எழுதலாம். முடிவைச் சொல்லப் போறேன், வேண்டாதவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க.

2013, இயக்குநர் யோசெஃப் ஃபாரெஸ். அண்ணன் தம்பி ரெண்டு பேர், அப்பாவுக்கு மருந்து தேடிப் போறாங்க. பேசுற பாஷை எந்த நாட்டோடதும் இல்ல, அதனால இங்கிலீஷ்காரனும் நானும் அதுல சமம். இடது ஸ்டிக்கும் இடது விசையும் அண்ணன். வலது ரெண்டும் தம்பி. ஒரே ஆள் ரெண்டு பேரையும் நடத்தணும், முதல் ஒரு மணி நேரம் கை பின்னிக்கும். தம்பிக்குத் தண்ணின்னா பயம், அம்மா கடல்ல மூழ்கினதை நேர்ல பாத்தவன். ஆறு வந்தா அண்ணன் முதுகைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுவான்.

அண்ணன் செத்துடுவான். தம்பி தனியா வீட்டுக்குத் திரும்பும்போது மறுபடியும் தண்ணி குறுக்க நிக்கும். வலது விசையை அமுக்கினேன், போகல. பயந்து நிக்கிறான். எவ்வளவு நேரம்னு தெரியல, வேற வேற பட்டனைத் தட்டிப் பாத்தேன். அப்புறம் என் இடது ஆள்காட்டி விரல் தானா நகர்ந்துச்சு. அண்ணனோட விசை. அந்தப் பக்கம் கை சும்மா கிடந்து ரொம்ப நேரம் ஆச்சு. அமுக்கினேன். தம்பி தண்ணியில இறங்கி நீந்தினான்.

அந்த இடத்துல ஒரு வசனம் இல்ல. படமா எடுத்தா இதை எடுக்க முடியாது தம்பி, ஏன்னா அது திரையில நடக்கல, என் இடது கையில நடந்துச்சு. நீயும் அதே இடத்துல கன்ட்ரோலரைக் கீழ வெச்சுட்டேன்னு எழுதியிருக்கே. அப்போ நாம ரெண்டு பேரும் எந்தக் கட்சி?

07-09-2025, ஞாயிறு

10-08 அன்னிக்கு "கான்ட்ராவுல கதை கிடையாது"ன்னு எழுதினேன். தப்பு. அதைத் திருத்தத்தான் இது.

மூணாவது ஸ்டேஜ் அருவி ஞாபகம் இருக்கா? மேல மேல தாவி ஏறணும். ஒருத்தன் வேகமா ஏறிட்டா திரையும் கூடவே ஏறும், கீழ இருக்கிறவன் திரைக்கு வெளிய விழுந்து செத்துடுவான். எனக்குத் தாவவே வராது. எங்க அண்ணன் நல்லா ஆடுவான், தனியா ஆடினா அருவியை ஒரே மூச்சுல ஏறிடுவான். என்னோட ஆடும்போது ஏற மாட்டான். நான் வர்ற வரைக்கும் பாறை மேல படுத்துக்கிட்டு இருப்பான், படுத்தா குண்டு தலைக்கு மேல போயிடும். எனக்கு மூணு லைஃபும் தீர்ந்துடும். தீர்ந்தா ஏ பட்டனைத் தட்டினா அடுத்தவனோட லைஃப்ல ஒண்ணை எடுத்துக்கலாம். நான் கேக்காம எடுப்பேன். அவன் ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல.

நேத்து பிரதர்ஸ் பத்தி எழுதிட்டுத் தூக்கம் வரல. காலையில பரண்லேருந்து அந்தப் பழைய செட்டை இறக்கினேன். புயலுக்கும் தப்பிச்சு அட்டைப்பெட்டியில பத்திரமா இருந்துச்சு. ரெண்டு கன்ட்ரோலரையும் கடைக்குக் கொண்டு போய்த் திறந்தேன், முப்பது வருஷத்துல முதல் தடவை. மேல இவ்வளவு நாள் யார் யாரோட பட்டனையோ பத்தி எழுதினேன், எங்களோடதைத் திறந்து பாக்கணும்னு தோணினதே இல்ல.

பி பட்டன் ரெண்டுலயும் ஒரே மாதிரி தேஞ்சிருந்துச்சு, சுடுறது அதுலதான். என்னோடதுல ஏ பட்டன் கார்பன் சுத்தமா இல்ல. தாவினதும் அதுல, அவன்கிட்ட எடுத்ததும் அதுல.

அண்ணனோடதுல ஏ நல்லாவே இருந்துச்சு. நாலு அம்பு ரப்பர்ல மூணு கறுப்பா அப்படியே இருக்கு. கீழ் அம்பு மட்டும் வெளுத்து, ரப்பரே கிழியுற அளவுக்குப் போயிருந்துச்சு. அவன் படுத்திருந்த நேரம் அது.

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கேன். குவைத்துல இப்போ வேலை நேரம், இன்னும் பாக்கல.